ஜப்பான்காரன் குண்டும் ஜப்பான் சோறும்: சென்னையில் ஒரு நாள்

ஜப்பான் என்றதும் இன்றைய கல்லூரி மாணவருக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? சுஷி, டோரேமான், நருட்டோ, கார் கம்பெனி, ரஜினி படத்துக்கு விசிலடிக்கும் ஜப்பானிய ரசிகர்கள்... பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் சென்னையில் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரும். "ஜப்பான்காரன் குண்டு போடுறான்னு ஊரே காலி பண்ணிக்கிட்டு ஓடினப்போ..." என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஒரே நாடு, ஒரே நகரம். ஒரு தலைமுறைக்கு அது பயம், இன்னொரு தலைமுறைக்கு அது வேலைவாய்ப்பு, சாப்பாடு, சினிமா. நடுவில் என்ன நடந்தது?

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய நூலகம் எதற்கும் போக வேண்டாம். மறைமலை நகரில் காலையில் ரயிலேறி இரவு திரும்புகிற ஒருவர் போகிற வழியிலேயே பாதி வரலாற்றைப் பார்த்துவிடலாம். இந்தக் கட்டுரை அப்படி ஒரு நாளுக்கான வழிகாட்டி.

காலை: வண்டலூரைக் கடக்கும்போது

மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் மின்சார ரயில் ஏறினால் காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் தாண்டி வண்டலூர் வரும். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இங்கேதான் இருக்கிறது. 602 ஹெக்டேர் பரப்பு. 1985இல் திறக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவில் இங்கே வராத சென்னைப் பிள்ளைகள் குறைவு.

அதற்கு முன்பு மிருகக்காட்சி சாலை எங்கே இருந்தது? சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க் பகுதியில். 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கி வைத்தது. நகரத்தின் நடுவிலேயே சிங்கமும் புலியும் கர்ஜித்த காலம் அது.

அந்த மிருகங்களின் கதைதான் சென்னைக்கும் ஜப்பானுக்குமான கதையின் முதல் அத்தியாயம். அதற்கு ரயிலை விட்டு இறங்கி நகரத்துக்குள் போக வேண்டும்.

திரிசூலத்தில் இறங்கி, சாலையைக் கடந்து விமான நிலைய மெட்ரோவில் ஏறிக்கொள்ளலாம். அந்த மெட்ரோவிலும் ஜப்பான் இருக்கிறது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டச் செலவில் பாதிக்கு மேல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன். ஒப்பந்தம் கையெழுத்தானது 2008 நவம்பரில், முதல் ரயில் ஓடியது 2015 ஜூனில். குறைந்த வட்டி, நீண்ட தவணை. வணிகவியல் பாடத்தில் 'மென்கடன்' என்று படிப்பது இதைத்தான். ஜப்பான் உலகத்திலேயே முதன்முதலாக யென் கடன் கொடுத்த நாடு இந்தியா, ஆண்டு 1958.

முற்பகல்: சென்ட்ரலில் 1942

சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகையைப் பார்த்து நின்றால் இப்போது வாகன நெரிசலும் நேரு விளையாட்டரங்கமும்தான் தெரியும். இங்கேதான் அந்த மிருகக்காட்சி சாலை இருந்தது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. மார்ச் 23இல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு மேல் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. ஜப்பானியக் கப்பல்படை சென்னையை நோக்கி வருகிறது என்று ஒரு தகவலும் வந்து சேர்ந்தது. பிறகு அது பொய் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் நகரம் பாதி காலியாகியிருந்தது.

வேலைக்குக் கட்டாயம் தேவைப்படாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஜனங்கள் கிடைத்த ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சொந்த ஊர் பார்த்துக் கிளம்பினார்கள். இன்றைய ஜி.எஸ்.டி. சாலை, அதாவது தெற்கே போகிற பெருவழி, அன்றைக்கு மூட்டை முடிச்சுகளோடு போன குடும்பங்களால் நிறைந்தது. வீடுகளை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் உண்டு, வாங்கிப் போட்டுப் பணக்காரர் ஆனவர்களும் உண்டு.

மிருகக்காட்சி சாலையில் வேறு ஒரு பிரச்சினை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால்? சிங்கமும் புலியும் தெருவில் இறங்கினால்? அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. மலபார் சிறப்புக் காவல் படையினர் வரவழைக்கப்பட்டார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி என்று ஆபத்தான மிருகங்களெல்லாம் கூண்டுக்குள் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டன.

அன்று எந்தக் குண்டும் விழவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. சேதம் மிகக் குறைவு. கூண்டிலிருந்த மிருகங்கள் எதற்காகச் செத்தன என்பதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அடுத்த வருடம், 1943இல், டோக்கியோவின் உயேனோ மிருகக்காட்சி சாலையிலும் இதே காரணத்துக்காக மிருகங்கள் கொல்லப்பட்டன. அங்கே அமெரிக்கக் குண்டுக்குப் பயம். ஜான், டோங்கி, வான்லி என்று மூன்று யானைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பட்டினி போட்டுச் சாகடித்தார்கள். சென்னை எந்த நாட்டைப் பார்த்துப் பயந்ததோ, அந்த நாட்டின் தலைநகரத்திலும் அதே பயம், அதே கூண்டு, அதே முடிவு!

போர் முடிந்தது. யானையையே பார்த்திராத டோக்கியோ குழந்தைகள் 'எங்களுக்கு ஒரு யானை வேண்டும்' என்று இந்தியப் பிரதமர் நேருவுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். 1949இல் மைசூரிலிருந்து ஒரு யானை கப்பலேறி டோக்கியோ போய்ச் சேர்ந்தது. நேரு தன் மகளின் பெயரையே அதற்கு வைத்தார்: இந்திரா. 1983 வரை அது உயேனோவில் வாழ்ந்தது. ஜப்பானில் வயதானவர்களிடம் இந்தியா என்று சொன்னால் இந்த யானையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு.

நட்பு என்பது பெரிய ஒப்பந்தங்களில் மட்டும் ஆரம்பிப்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

அரிசி போன கதை

குண்டை விடச் சென்னையை அதிகம் பாதித்தது வேறு ஒன்று. சோறு.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் தன் தேவைக்கான அரிசி முழுவதையும் தானே விளைவிக்கவில்லை. பற்றாக்குறையைத் தீர்த்தது பர்மா அரிசி. ஐராவதி டெல்டாவில் விளைந்து ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டிநாட்டார்களும், அறுவடை செய்து மூட்டை தூக்கியவர்களில் தமிழ்க் கூலிகளும் ஏராளம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. பர்மாவில் இருந்த இந்தியர்களில் சுமார் 5 லட்சம் பேர் காடு மலை வழியாக நடந்தும் கப்பலேறியும் தாயகம் திரும்பினார்கள். வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம்.

இங்கே அரிசி விலை ஏறியது. 1943இல் சென்னை நகரில் ரேஷன் வந்தது. ஒரு வேளைக்குக் கோதுமை சாப்பிடுங்கள் என்று அரிசிச் சோறு தின்றே பழகிய ஜனங்களிடம் சொல்லப்பட்டது. இன்று வீட்டில் இரவு சப்பாத்தி போடுகிறார்களே, அந்தப் பழக்கம் வேரூன்றியதில் இந்தப் பஞ்ச காலத்துக்கும் பங்குண்டு. பெங்களூரில் 1924இல் தொடங்கப்பட்ட எம்.டி.ஆர். உணவகத்தார் ஒரு கதை சொல்வார்கள். போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்து முயன்று பார்த்ததில் பிறந்ததுதான் ரவா இட்லி என்று. அப்படிப் பார்த்தால் ரவா இட்லிக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தம் இருக்கிறது!

மதியம்: ஜப்பான் சோறு

மணி ஒன்று. பசிக்கும். ஜப்பானியச் சாப்பாடு பரிமாறும் கடைகள் நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை பக்கங்களிலும் பெரிய நட்சத்திர ஓட்டல்களிலும் இருக்கின்றன. முதலில் இவை வேலைக்கு வந்த ஜப்பானியர்களுக்காக ஏற்பட்டவை. இப்போது உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நடுக்கம் இருக்கும். பச்சை மீனைத் தின்ன வேண்டுமோ என்று. வேண்டியதில்லை. சுஷி என்ற சொல் குறிப்பது வினிகர் கலந்த சோற்றை. அதன் மேல் வைப்பது மீனாகவும் இருக்கலாம், வெள்ளரிக்காயாகவும் இருக்கலாம். பச்சை மீன் துண்டு மட்டும் தனியாக வந்தால் அதற்குப் பெயர் சஷிமி. தெம்புரா என்பது நம்மூர் பஜ்ஜிக்குச் சொந்தக்காரன். அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுக்கீசியர்கள் என்பார்கள்.

உற்றுப் பார்த்தால் தெரியாத சாப்பாடு மாதிரி தோன்றாது. நடுவில் சோறு. சுற்றிலும் குழம்பு மாதிரி ஒன்று, பொரியல் மாதிரி ஒன்று, ஊறுகாய். புளித்த உணவு இல்லாமல் ஜப்பானியருக்கும் சாப்பாடு இறங்காது. நமக்கு இட்லி மாவும் மோரும் போல அவர்களுக்கு மிசோவும் நாட்டோவும், இரண்டும் சோயா பீன்ஸைப் புளிக்க வைத்துச் செய்வது. ரயில் பயணத்துக்கு நம் பாட்டிகள் புளிச்சோறு கட்டிக்கொடுத்த மாதிரி அவர்கள் ஒனிகிரி கட்டிக்கொடுப்பார்கள். சோற்றை உருட்டி, நடுவில் புளிப்பான உமேபோஷி ஊறுகாயை வைத்து, கடற்பாசித் தாளில் சுற்றிய உருண்டை. காரணமும் ஒன்றுதான்: புளிப்பு இருந்தால் சோறு சீக்கிரம் கெடாது.

இன்னொரு ஒற்றுமை தூத்துக்குடி, யாழ்ப்பாணக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஜப்பானியச் சமையலின் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. அதைக் கட்சுஓபுஷி என்ற பொருளிலிருந்து இறக்குகிறார்கள். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்துச் சீவியது. நம்மூரில் அதன் பங்காளிக்குப் பெயர் மாசிக்கருவாடு! சம்பலில் இடித்துப் போடுகிறோமே, அதேதான். சைவக்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மிசோ சூப்பில் மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாறு மீனுடையதாக இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. புத்த மடாலயங்களில் கொம்பு என்ற கடற்பாசியையும் காளானையும் வைத்தே சுத்த சைவமாகச் சமைக்கும் மரபு ஒன்றும் அங்கே இருக்கிறது.

சாப்பிடும் முன் 'இத்தடாக்கிமாஸ்' என்று சொல்வார்கள். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். உயிரோடு இருப்பவர் முன்னால் வாய்க்கரிசியை நினைவுபடுத்தினால் நம் வீட்டில் என்ன திட்டு விழும்? அங்கேயும் அதேதான்.

கறி என்ற சொல்லின் பயணம்

பட்டியலில் 'கரே ரைசு' என்று ஒன்று இருக்கும். வாரம் ஒரு முறையாவது ஜப்பானிய வீடுகளில் சமைக்கும் சாப்பாடு இது. கெட்டியான பழுப்பு நிறக் குழம்பு, பக்கத்தில் சோறு. பள்ளிக்கூட மதிய உணவிலும் உண்டு, கப்பல்படையில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் இதுதான்.

அந்தக் 'கரே' எங்கிருந்து போனது? தமிழில் கறி. போர்ச்சுக்கீசியர் வாயில் கரில். ஆங்கிலேயர் வாயில் கர்ரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாகக் கறித்தூள் ஜப்பானுக்குப் போனது. 1872இலேயே ஜப்பானியச் சமையல் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் ஆங்கிலேயர் கொடுத்தது மாவு கரைத்த கறி. இந்தியக் கைப்பக்குவத்தை டோக்கியோவுக்குக் கொண்டுபோனது ஒரு புரட்சிக்காரர்.

1912இல் டில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல் குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர் ராஷ் பிகாரி போஸ். 1915இல் ஜப்பானுக்குத் தப்பினார். ஆங்கிலேயர் விடவில்லை. டோக்கியோ ஷிஞ்சுகுவில் நகாமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா தம்பதியர் அவரைத் தங்கள் இடத்தில் ஒளித்து வைத்தார்கள். அவர்கள் மகள் தோஷிகோவை 1918இல் அவர் மணந்தார். 1925இல் தோஷிகோ இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, 1927இல், நகாமுராயாவில் உணவகம் திறந்தபோது மருமகன் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி பட்டியலில் ஏறியது. கோழியை எலும்போடு போட்டு, மசாலாவை வதக்கிச் செய்த கறி. நகாமுராயா அதை இன்றும் விற்கிறது.

இதே ராஷ் பிகாரி போஸ்தான் போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவில் இந்திய சுதந்திர லீகை நடத்தி, 1943இல் சிங்கப்பூரில் அதன் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னைப் பெண். ஆக, சென்னையில் ஒரு வீட்டில் ஜப்பானுக்குப் பயந்து பெட்டி கட்டிய அதே நாட்களில், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழர்கள் ஜப்பானோடு சேர்ந்து விடுதலைக்கு அணிவகுத்தார்கள். வரலாறு ஒரே நேர்க்கோட்டில் போவதில்லை.

பிற்பகல்: நந்தம்பாக்கத்தில் ஒரு அமைதி

சாப்பிட்டு முடித்து, பரங்கிமலை வந்து, பூந்தமல்லி போகும் சாலையில் திரும்பினால் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது. 1952இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது... கல்லூரியில் படிக்கிற வயது.

இங்கே நிற்கும்போது இங்கே இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும்.

1942, 43இல் ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 'மரண ரயில்' என்று பெயர் வாங்கிய பாதை. போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் சினிமாவே வந்திருக்கிறது. ஆனால் அவர்களை விடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டியும் மிரட்டியும் ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் அதில் பெரும்பகுதி. காலரா, மலேரியா, பட்டினி. கைதிகளுக்குத் தங்கள் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், கணக்கு எழுத ஆள் இருந்தது. கூலிகளுக்கு அதுவும் இல்லை.

காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை. இத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்வதற்கே மதிப்பீடுதான் இருக்கிறது. தஞ்சாவூரிலும் சேலத்திலும் வட ஆற்காட்டிலும் 'மலேயா போனவர் திரும்பவே இல்லை' என்ற ஒற்றை வரியில் முடிந்துபோன குடும்பக் கதைகள் எத்தனையோ.

சுதந்திர இந்தியா 1952இல் ஜப்பானோடு தனியாக அமைதி ஒப்பந்தம் செய்தது. போர் நஷ்டஈடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. தோற்றுப்போன நாட்டை மேலும் மிதிக்காத பெருந்தன்மை என்று அதை ஜப்பான் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. இரு நாட்டு உறவுக்கு அது நல்ல அஸ்திவாரம். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு யாருடைய கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது என்று கேட்டால், ரயில் பாதையில் செத்தவர்களின் பிள்ளைகளும் அதில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். வரவு செலவு எழுதும்போது இந்த வரியை விட்டுவிடக் கூடாது.

மாலை: தொழிற்சாலை வழியாக வந்த பண்பாடு

திரும்பி ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கே வந்து, மறைமலை நகரைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோயிலில் வலது பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர் சாலை. வழியில் ஒரகடம்.

ஜப்பானியத் தொழில் தமிழ்நாட்டுக்கு வந்த வழி கொஞ்சம் நீளமானது. 1984இல் ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் சுசுகியோடு சேர்ந்து 'இண்ட்-சுசுகி' மோட்டார் சைக்கிள் செய்தது. 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் கார் தயாரானது. அந்த 1998 விசித்திரமான வருடம். மே மாதம் இந்தியா அணுகுண்டு சோதனை செய்தது, ஜப்பான் கோபப்பட்டுப் புதிய கடன்களை நிறுத்தியது. அதே வருடம் ரஜினியின் முத்து டோக்கியோ ஷிபுயாவில் திரையிடப்பட்டு இருபது வாரங்களுக்கு மேல் ஓடியது. அதே வருடம் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் விருதை இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது. அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டிருந்தபோது தொழிலாளரும் சினிமாவும் உறவைக் காப்பாற்றிய வருடம் என்று சொல்லலாம்.

ஜப்பானியப் பண்பாடு சென்னைப் புறநகருக்குள் நுழைந்தது சுஷி வழியாக என்று நினைத்தால் தவறு. அது நுழைந்தது தொழிற்சாலை வழியாக. செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெட்சு, ஷித்சுகே. வேண்டாததைப் பிரி, இருப்பதை ஒழுங்காக அடுக்கு, சுத்தம் செய், அதை முறையாக்கு, பழக்கமாக்கு. '5 எஸ்' என்ற பெயரில் இது தமிழில் எழுதி மாட்டப்படாத பெரிய பட்டறை இந்தப் பக்கத்தில் கிடையாது எனலாம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குச் சேரும் செங்கல்பட்டு மாவட்டத்துப் பையன் முதல் வாரத்திலேயே 'கைசன்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்கிறான். சிறிது சிறிதாக மேம்படுத்திக்கொண்டே போவது என்று பொருள்.

2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வருடத்துக்கு 4 லட்சம் கார் செய்யும் திறன் என்று திட்டம். பக்கத்திலேயே கொமாட்சு. வல்லம் வடகாலில் யமஹா. குடும்பத்தோடு வந்த ஜப்பானியப் பொறியாளர்களுக்காக அவர்கள் சாப்பாடு கிடைக்கும் விடுதிகள் வந்தன. இங்கிருந்து ஜப்பானியமொழி படிக்கப் போனவர்கள் இன்னொரு பக்கம். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்தும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் சங்கம் சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்புகளை நடத்திவருகிறது. மொழித் தேர்வு எழுதினால் சம்பளம் கூடும் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் விருந்தாளிகள் நிரந்தரமில்லை. மறைமலை நகரில் இருந்த அமெரிக்கக் கம்பெனியான ஃபோர்டு 2022இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஒரகடம் ஆலையில் நிசானிடம் இருந்த 51 விழுக்காடு பங்கை 2025இல் ரெனோ வாங்கிக்கொண்டது. கம்பெனி போகும், பெயர்ப்பலகை மாறும். கற்றுக்கொண்ட ஒழுங்கும் மொழியும்தான் தங்கும்.

பெருமையும் உண்மையும்

ஒரகடத்திலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம். போதிதர்மர் ஊர் என்று 7ஆம் அறிவு (2011) படத்துக்குப் பிறகு எல்லோரும் சொல்கிறார்கள். சீன நூல்களில் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சிபுரம் என்பது மரபாக வந்த நம்பிக்கை. ஜப்பானியர் அவரைத் 'தாருமா' என்பார்கள். கையும் காலும் இல்லாத சிவப்புப் பொம்மை. ஆசையை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும், நிறைவேறியதும் இன்னொரு கண்ணை வரைய வேண்டும். 752இல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பான் போனவர், தென்னிந்தியர் என்பது மரபு.

மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று வாதிட்டவர். நம் பொங்கல் சமயத்தில், ஜனவரி 15ஐ ஒட்டி, ஜப்பானியக் கிராமங்களில் கொண்டாடும் சிறு புத்தாண்டையும் பொங்கலையும் ஒப்பிட்டுக் காட்டினார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. மேடையில் பேசும்போது முதல் பாதியை மட்டும் சொல்லி இரண்டாவது பாதியை விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் தன் நாட்டு அறிஞர்கள் எதிர்த்தபோதும் ஒரு ஜப்பானியப் பேராசிரியர் தமிழைப் படிக்கப் பல வருடங்களைச் செலவிட்டார் என்பதே போதுமான பெருமை.

இரவு: தள்ளுவண்டியில் ஒரு வெள்ளைப் பொடி

இருட்டியதும் மறைமலை நகருக்குத் திரும்பினால் ரயில் நிலையத்துப் பக்கம் தள்ளுவண்டிக் கடைகள் எரிந்துகொண்டிருக்கும். ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ். மாஸ்டர் வாணலியைத் தூக்கிப் போட்டுப் புரட்டும்போது சின்ன டப்பாவிலிருந்து வெள்ளையாக எதையோ ஒரு சிட்டிகை தூவுவார். கேட்டால் "அஜினமோட்டோ சார்" என்பார்.

1908இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கிகுனாயே இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார். அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்தது. 'அஜி நோ மோட்டோ' என்றால் சுவையின் மூலம் என்று பொருள். சுஷியின் பெயர்கூடக் கேள்விப்படாத தெருக்களிலும் எப்போதோ நுழைந்துவிட்ட ஜப்பானியப் பொருள் இது.

1942இல் இந்தச் சாலை வழியாக ஜப்பானுக்குப் பயந்து ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சாலையில் ஜப்பானியப் பொடி தூவிய சோற்றைத் தின்றுவிட்டு, ஜப்பானியர்கள் கட்டிய ஆலைகளுக்கு ராத்திரி ஷிப்ட் போகிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய பகையைச் சுமந்துகொண்டே திரிந்திருந்தால் இருவருக்கும் நஷ்டம்தான். டோக்கியோ குழந்தைகளுக்கு யானை அனுப்பியதும், நஷ்டஈடு வேண்டாம் என்றதும் சரியான முடிவுகளே.

ஆனால் மன்னிப்பது வேறு, மறப்பது வேறு. மன்னிப்பதற்கு என்ன நடந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கூண்டில் சுடப்பட்ட புலியும், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களும், கல்லறை இல்லாமல் போன தோட்டத் தொழிலாளியும் நம் பாடப் புத்தகங்களில் எத்தனை வரி இருக்கிறார்கள்?

வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால், இன்றிரவே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ நம்ம வீட்டுல யாரு எங்க இருந்தாங்க?"

கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி அது.